உன் ஆய்வில் திருத்த வேண்டிய ஒரு வரி

சரவணா,

நீ கிளம்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது உனக்கு வேடிக்கையாக இருக்கும். நேரில் சொல்ல இரண்டு முறை முயன்றேன். ஒருமுறை நீ பெட்டியைத் தராசில் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தாய். இன்னொரு முறை நான் வாயெடுத்தபோது உன் அப்பா ஊறுகாய் பாட்டிலை எப்படிச் சுற்றிக் கட்டுவது என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு முறையும் பேச்சு தடைப்பட்டதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி நல்லதற்கில்லை என்று தோன்றியதால், இன்று மத்தியானம் நீ பேங்குக்குப் போன நேரத்தில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், பிரஸ் மிஷினில் தகடு வெட்டும் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் இருபத்தாறு வருடம் எழுதிய கை இது. வருகை, ஓவர்டைம், லீவு, காயம் எல்லாம் இந்தக் கைதான் எழுதியது. எழுதவேண்டியதை எழுதாமல் விட்டதும் இதே கைதான். இந்தக் கடிதம் அதைப் பற்றியது.

முதலில் உனக்குக் கிடைத்த நிதியுதவியைப் பற்றி. இரண்டு வருடப் படிப்புக்கான கட்டணம், தங்கும் செலவு, விமான டிக்கெட் எல்லாவற்றையும் அவர்களே ஏற்கிறார்கள் என்ற மெயில் வந்த அன்று, நம் ஃபிளாட் சங்கத்துச் செயலாளர் படியில் என்னை நிறுத்தி, "ஹெல்மெட் போடச் சொல்றதுக்கு ரெண்டு வருஷம் படிப்பா மேடம்? அதுக்கு வெள்ளைக்காரன் காசு வேற குடுக்கிறானா?" என்று கேட்டார். அவர் கணினிக் கம்பெனியில் பெரிய பதவியில் இருப்பவர். கெட்ட மனிதர் கிடையாது. நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். தொழிலிடப் பாதுகாப்பைப் படிக்க யாராவது பணம் கொடுப்பார்கள் என்பதை நானும் நம்பாமல்தான் இருந்தேன். நான் வேலை பார்த்த இடத்தில் பாதுகாப்புக்கு என்று ஒதுக்கியது சுவரில் ஒட்டும் போஸ்டருக்கும், வருடத்துக்கு ஒருநாள் கொடுக்கும் லட்டுக்கும்தான் சரியாக இருந்தது. அதனால் நீ முதல்முறை விண்ணப்பிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, இந்தப் பணம் உனக்குக் கிடைத்தே ஆகவேண்டும் என்ற ஆசை எனக்கு உன்னைவிட அதிகமாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஒப்பந்தச் சேஃப்டி ஆபீசராக ஐந்து வருடம் நீ பட்டதைப் பார்த்தவள் நான். வருடா வருடம் ஒப்பந்தம் முடியும் மாதத்தில் நீ சரியாகச் சாப்பிட மாட்டாய்.

நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னிடம் கேட்டது நினைவிருக்கும். "அம்மா, சின்னப் பிரஸ் ஷாப்புங்கள்ல நடந்த விபத்துக்கு எந்த டேட்டாவும் கெடைக்கல. நீ வேல செஞ்ச எடத்துல பழைய ரிஜிஸ்டர் எதாவது இருக்குமா?" என்றாய். கம்பெனி ஒரகடத்துக்கு மாறியபோது பழைய தாளையெல்லாம் எடைக்குப் போடச் சொன்னார்கள். நான் அதிலிருந்து ஒரு நீள நோட்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அரசாங்கப் படிவத்தில் ஏற்றுவதற்கு முன் காயங்களை நான் எழுதி வைக்கும் ரஃப் நோட்டு அது. ஏன் கொண்டுவந்தேன் என்று கேட்டால் அப்போது எனக்குப் பதில் தெரியாது. பீரோவின் கீழ்த்தட்டில், உன் பள்ளிக்கூடச் சான்றிதழ்களுக்கு அடியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். நீ அதைத் திறந்து பார்த்துவிட்டுத் துள்ளிய துள்ளலில் காபி டம்ளர் சாய்ந்தது. தேதி, பெயர், இயந்திரம், எந்த விரல், எந்தக் கணு வரை, என்ன காரணம் என்று பதினெட்டு வருடத்துக் காயங்களும் வரிசையாக இருந்தன. "இது தங்கம்மா, தங்கம்!" என்றாய். காரணம் என்ற பகுதியில் பக்கத்துக்குப் பக்கம் ஒரே சொல் இருந்ததை நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். தொழிலாளியின் கவனக்குறைவு.

நீ அந்த நோட்டை வைத்து உன் முதல் ஆய்வுத் திட்டத்தை எழுதினாய். விபத்துகள் பெரும்பாலும் கவனக்குறைவால் நடக்கின்றன, ஆகவே தொழிலாளிகளுக்கு என்ன வகைப் பயிற்சி கொடுத்தால் கவனம் கூடும் என்று ஆராயப் போகிறேன் என்றது அந்தத் திட்டம். கூடத்தில் உட்கார்ந்து அதை அப்பாவுக்குத் தமிழில் விளக்கிச் சொன்னாய். முப்பது வருடம் ரயில்வே பணிமனையில் பெட்டிகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்த மனிதர் அவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "பதினெட்டு வருஷமா வந்தவன் போனவன் எல்லாத்துக்கும் கவனம் மட்டுமாடா கொறைஞ்சிது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீ "டேட்டா அப்படித்தான்பா சொல்லுது" என்றாய். நான் அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எழுந்து வந்து சொல்லியிருக்கலாம். கீரையை மேலும் கொஞ்சம் ஆய்ந்தேன். உன் விண்ணப்பம் போயிற்று, முதல் சுற்றில் தேர்வாயிற்று, நேர்காணலுக்குத் தேதியும் வந்தது. அதற்கு நான்கு நாள் முன்புதான் உன்னிடம் வந்து, அந்தக் காரணமெல்லாம் நான் விசாரித்து எழுதியது இல்லை, கம்பெனியில் சொன்னபடி எழுதியது என்றேன். நீ என்னை அதிர்ந்து பார்த்தாய். "மறந்துட்டியாம்மா? இப்பதான் ஞாபகம் வந்துச்சா?" என்றாய். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

நான் மறக்கவில்லை, சரவணா. நோட்டை உன் கையில் கொடுத்தபோதே எனக்குத் தெரியும். பணம் கொடுக்கிறவர்களுக்குப் பயிற்சி என்ற சொல் பிடிக்கும், யாரையும் உறுத்தாத சொல் அது, பையனுக்குக் காரியம் நடந்துவிடும் என்று கணக்குப் போட்டுத்தான் சும்மா இருந்தேன். இது நான் உனக்குச் சொல்லவேண்டிய முதல் விஷயம். இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. அதற்கு நான் உன்னை நெமிலிச்சேரிக்கு அழைத்துப்போன அந்த நாளுக்குத் திரும்பப் போகவேண்டும்.

நேர்காணலுக்கு இரண்டு நாள் முன்பு, உண்மைக் காரணத்தைக் காயம்பட்ட ஒருவர் வாயாலேயே நீ கேட்கட்டும் என்று, கொரட்டூரில் திருவள்ளூர் வண்டி ஏறினோம். வழி முழுக்க நீ நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தாய். ஏழுமலையை நான் பதினைந்து வருடமாகப் பார்த்திருக்கவில்லை. அவர் மனைவியோடு அங்கே மாவு அரைக்கும் கடை வைத்திருக்கிறார் என்று மட்டும் பழைய சிநேகிதி ஒருத்தி சொல்லியிருந்தாள். முத்தாபுதுப்பேட்டைக்காரர். எங்கள் கம்பெனியில் எட்டு வருடம் நான்காம் நம்பர் பிரஸ் ஓட்டியவர். அவருடைய வலது கையில் மூன்று விரல் அந்தப் பிரஸ்ஸில் போயிற்று. கடையில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. இடது கையால் மாவை வழித்துப் பாக்கெட்டில் போட்டு, வலது கையில் மிச்சமிருந்த இரண்டு விரலால் ரப்பர் பேண்டைச் சுழற்றிப் போட்டார். அந்த வேகத்தை நீ பார்த்துக்கொண்டே நின்றாய். என்னைக் கண்டதும் அவர் ஒரு நொடி நிதானித்தார். "டைம் ஆபீஸ் மேடமா? இன்னா மேடம், தலையெல்லாம் வெள்ளையாயிட்ச்சி?" என்றார். பிறகு உன்னை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார். நீ எழுதிக்கொண்டாய்.

"அந்த மிஷின்ல ரெண்டு பட்டன் இருக்கும் தம்பி. ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அமுக்குனாத்தான் மேல கீறது கீழ வரணும். அப்பத்தான் கை உள்ள இருக்காது. மாசக் கடைசி ஆச்சின்னா ஒரு பட்டன அமுக்கி வெச்சி டேப் சுத்திடுவானுங்க. ஒரு கையால பட்டனு, ஒரு கையால தகடு. அப்பத்தான் பீஸ் நெறைய வரும். எல்லாருக்கும் தெரியும். ஓனருக்கும் தெரியும்."

"நீங்க வேணாம்னு சொல்லலாமே?" என்று கேட்டாய்.

"சொன்னா வேற ஆளு வெளியில நிப்பான் நைனா. அத்த உடு. அன்னிக்கி மிஷினு சரியில்ல. ஒரு தபா அமுக்குனா ரெண்டு தபா எறங்குது. காலையிலயே பாத்துட்டேன்."

"யார்கிட்டயாவது புகார் குடுத்தீங்களா?"

ஏழுமலை கிரைண்டரை நிறுத்தப் போனார். திரும்பி வரும்போது என் முகத்தை ஒருமுறை பார்த்தார். "சொன்னேன். சூப்பர்வைசரு கையில சொன்னேன். வாயால சொன்னதுதான். அவரு காதுல போட்டுக்கல" என்றார்.

நீ அதை அப்படியே எழுதிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நேர்காணலில் உட்கார்ந்து, என் தரவு நம்பத்தக்கதில்லை, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று நீயே சொன்னாய். அவர்கள் உன் நேர்மையைப் பாராட்டி, நிதியை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். நான்கு மாதம் நீ என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாய். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டாய். தட்டைக் கழுவி வைத்தாய். உன் அப்பா நடுவில் தூது போகவில்லை. அது அவர் வழக்கம். நானும் எதுவும் கேட்கவில்லை. பிறகு விடுமுறை நாளிலெல்லாம் நீ எங்கோ கிளம்பிப் போக ஆரம்பித்தாய். பட்டரவாக்கம், பட்டாபிராம், பூந்தமல்லி பக்கம் என்று என் நோட்டில் இருந்த பெயர்களைத் தேடிப் போகிறாய் என்பதை உன் சட்டைப்பையில் இருந்த டிக்கெட்டுகளை வைத்துத் தெரிந்துகொண்டேன். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "அம்மா, நோட்டுல கோமதின்னு ஒரு பேரு. அவங்க ஊடு மாத்திட்டாங்களாம். வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாய். அந்த நான்கு மாதத்துக்குப் பிறகு நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உன் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

உன் இரண்டாவது திட்டம் முதலாவதைவிட எவ்வளவோ நல்லது. ஏட்டில் எழுதிய காரணத்தையும் காயம்பட்டவர் சொல்லும் காரணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்ற யோசனைக்குத்தான் அவர்கள் பணம் கொடுத்தார்கள். கொடுத்தது சரிதான். போன வாரம் நீ அதைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் வைத்திருந்தாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு மத்தியானம் உட்கார்ந்து படித்தேன். முதல் ஆள் ஏழுமலை. பெயரை மாற்றியிருக்கிறாய். அதில் ஒரு வரி வருகிறது: அவர் வாய்மொழியாக மட்டுமே புகார் செய்தார், இத்தகைய சிறு தொழிற்கூடங்களில் எழுத்தில் புகார் கொடுக்கும் முறையே இல்லை. அந்த வரியின் மேல்தான் கடைசிப் பகுதி முழுக்க நிற்கிறது. தொழிலாளிகள் சுலபமாகப் புகார் எழுத ஒரு படிவம், செல்போனில் ஒரு செயலி, அதை வடிவமைத்துச் சோதித்துப் பார்க்க இரண்டாவது வருடப் பணம்.

அந்த வரி தவறு. எங்கள் கம்பெனியில் எழுத்தில் புகார் கொடுக்கும் முறை இருந்தது. மஞ்சள் துண்டுச்சீட்டு. டைம் ஆபீஸ் ஜன்னலில் கொடுக்க வேண்டும். நான் வாங்கி மெயின்டனன்ஸுக்கு அனுப்ப வேண்டும். ஏழுமலை அன்று எழுதிக் கொடுத்தார்.

காலை டீ நேரத்தில் ஜன்னலுக்கு வந்தார். டீ டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுச் சீட்டை நீட்டினார். "நாலாம் நம்பர் பிரஸ் ரெண்டு தபா எறங்குது, உடனே பாக்கவும்" என்று எழுதியிருந்தார். "சீக்கிரம் அனுப்புங்க மேடம், ஒரு மாதிரியா கீது" என்றார். நான் அதை எடுத்துக்கொண்டு முதலில் ஃபேக்டரி மேனேஜரின் அறைக்குப் போனேன். முறைப்படி நேராக மெயின்டனன்ஸுக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் மாதக் கடைசியில் எந்த மிஷினை நிறுத்துவதானாலும் தன்னைக் கேட்கவேண்டும் என்று அவர் சொல்லி வைத்திருந்தார். சீட்டைப் படித்துவிட்டு, "மத்தியானம் லோடு போயிடட்டும்மா. அதுவரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்தார். நான் அதை மேஜை டிராயரில் வைத்தேன். வருகை பதியும் பஞ்சிங் மிஷினுக்குப் பக்கத்து டிராயர். திரும்பிப்போய் ஏழுமலையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கையை ஜாக்கிரதையாக வைத்திருப்பார். சீட்டு போய்விட்டது, யாராவது வந்து பார்ப்பார்கள் என்ற நினைப்பில் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார்.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினார்கள். நான் ஓடவில்லை. என் நாற்காலியிலேயே இருந்தேன். அவரைத் துணி சுற்றி வேனில் ஏற்றுவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேன் கேட்டைத் தாண்டுவதற்குள் மேனேஜர் என் மேஜைக்கு வந்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. "அந்தச் சீட்டு?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வழக்கம்போல எழுதிடுங்கம்மா" என்றார். எழுதினேன். எழுதி முடித்தபோது ஏழுமலை ஆஸ்பத்திரிக்குக்கூடப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். அவருக்கு ஈ.எஸ்.ஐ. பென்ஷன் வந்தது, அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் கவனமில்லாத ஆள் என்ற பெயரும் கூடவே போயிற்று. எஸ்டேட்டில் வேறு எந்தக் கம்பெனியும் அவரை வேலைக்கு எடுக்கவில்லை. நான்காம் நம்பர் பிரஸ்ஸில் டேப் அப்படியே இருந்தது. அடுத்த வருடம் அதே பிரஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு ஆள்காட்டி விரலின் நுனி போயிற்று. நீ தேடிக்கொண்டிருந்த கோமதி அவள்தான். அவளுக்கும் நான் அதே சொல்லைத்தான் எழுதினேன்.

பசிக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. உன் அப்பாவுக்கு அப்போது நிரந்தர வேலை இருந்தது. நான் வேலையை விட்டிருந்தால் கொரட்டூரில் இந்த ஃபிளாட் வாங்கியிருக்க மாட்டோம், அவ்வளவுதான். அந்த மேனேஜருக்கு என்மேல் மரியாதை இருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பார். லீவு கேட்டால் கொடுப்பார். அந்த இடம் எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஆயுத பூஜைக்கு உன்னை அங்கே அழைத்துப்போயிருக்கிறேன். உனக்கு ஏழு வயது இருக்கும். இயந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். பொரி தின்றுகொண்டே போய் ஒரு பிரஸ்ஸின் முன்னால் நின்று, "ஏம்மா இந்தப் பட்டனுக்கு மட்டும் டேப் ஒட்டியிருக்கு?" என்று கேட்டாய். "அது ரிப்பேர்டா கண்ணா" என்றேன். உனக்கு நினைவிருக்காது. இந்த வேலையில் முதல் சரியான கேள்வியை நீ அன்றே கேட்டுவிட்டாய் என்று நான் பிற்பாடு பலமுறை நினைத்துக்கொண்டேன். பெருமைப்படவும் என்னால் முடியவில்லை.

இதை உன்னிடம் சொல்வதற்கு முன் ஏழுமலையைக் கேட்காமல் சொல்வது சரியில்லை என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை நான் அம்பத்தூருக்குக் கண்ணாடி மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது நெமிலிச்சேரிக்குத்தான். கடையில் கூட்டமில்லை. அவர் மனைவி எனக்கு ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் நேராகவே கேட்டேன். "அன்னிக்கு என் பையன்கிட்ட சீட்டைப் பத்தி ஏன் சொல்லல?"

"எதுக்கு மேடம் இப்ப அதெல்லாம்?"

"அவன் தப்பா எழுதிக்கிட்டான். அதனால கேக்கறேன்."

அவர் ஒரு துணியை எடுத்துக் கிரைண்டர் கல்லைத் துடைத்தார். "உங்க புள்ள குனிஞ்சிகினு எழுதிகினு இருந்தான். எனக்கும் ஒரு பொண்ணு கீது. இவங்கப்பன் இன்னா பண்ணான் தெரியுமான்னு எவனாச்சும் அது முன்னால சொன்னா நான் தாங்குவனா? அதான் உட்டுட்டேன்."

நான் நன்றி என்று ஏதோ ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மன்னிச்சிட்டேன்னுலாம் நெனச்சிக்காதீங்க மேடம். அது வேற, இது வேற. அந்தச் சீட்டு நீங்க அனுப்பிட்டீங்கன்னுதான் நான் மிஷினாண்ட போய் நின்னேன். ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தப்போ அதான் யோசிச்சிகினே இருந்தேன். மேடம் அனுப்பிச்சாங்களா இல்லியா, அனுப்பிச்சாங்களா இல்லியான்னு."

"அனுப்பல" என்றேன். "டிராயர்ல வெச்சிருந்தேன்."

அவர் தலையை ஆட்டினார். முகத்தில் பெரிதாக எதுவும் மாறவில்லை. இத்தனை வருடமாக இருந்த ஒரு சந்தேகம் தீர்ந்தது, அவ்வளவுதான் என்பதுபோல இருந்தார். ஒரு பெண்மணி பாத்திரத்தோடு வந்து அரைக் கிலோ மாவு கேட்டாள். அவளுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சொல்றதுன்னா சொல்லிடுங்க. ஆனா முழுசா சொல்லுங்க. பாதி சொல்லிட்டு உட்டுடாதீங்க." நான் கிளம்பும்போது எனக்கும் ஒரு பாக்கெட் கொடுத்தார். காசை வாங்கிக்கொண்டார். அன்று இரவு நீ சாப்பிட்ட தோசை அந்த மாவுதான்.

இனி நான் சொல்வதை அம்மா புத்தி சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்ளலாம். நீ படித்து முடித்து வந்து எத்தனையோ தொழிற்சாலைக்குள் போவாய். மேனேஜர் உன்னை வாசலில் வரவேற்று நேராக மிஷின் ஓடும் ஷாப்புக்குள் அழைத்துப்போவார். மிஷினைப் பார்ப்பாய், ஓட்டுகிறவரைப் பார்ப்பாய். டைம் ஆபீஸைத் தாண்டித்தான் உள்ளே போவாய். அங்கே கண்ணாடி போட்ட ஒருத்தி குனிந்து எழுதிக்கொண்டிருப்பாள். அவளிடமும் பேசு. மிரட்டாதே, மிரட்டினால் டிராயர் சாவியைத் தொலைத்துவிட்டேன் என்பாள். அவள் மேஜையில் எந்தத் தாள் எத்தனை நாள் கிடக்கிறது, யார் சொல்லிக் கிடக்கிறது என்று கேள். புகார் எழுதத் தெரியாமல் ஏழுமலையின் விரல் போகவில்லை. அவர் எழுதினார், உரிய இடத்தில் கொடுத்தார், உரிய நேரத்தில் கொடுத்தார். நீ நாளைக்கு எவ்வளவு நல்ல செயலி செய்து கொடுத்தாலும், அதில் வரும் புகார் யாரோ ஒருவருடைய டிராயருக்குத்தான் முதலில் போகும். உன் கடைசிப் பகுதி அந்த டிராயரைப் பற்றி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் பிளஸ் டூவும் தட்டச்சும் படித்தவள். ஆய்வைப் பற்றி எனக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உன் பேராசிரியர்களைவிட எனக்கு அதிகம் தெரியும்.

இதைச் சொல்ல ஏன் இவ்வளவு நாள் என்று கேட்பாய். விசா வரட்டும் என்று இருந்தேன். விசா வந்ததும், டிக்கெட் கைக்கு வரட்டும் என்று இருந்தேன். இப்போது சொன்னால் நீ மறுபடியும் பணம் கொடுக்கிறவர்களிடம் உண்மையைச் சொல்வாய், பணம் மறுபடியும் போய்விடும் என்று பயந்தேன். லோடு போகட்டும் என்று அந்த மேனேஜர் சொன்னதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் ஒன்பது நாள் இருக்கும்போதே எழுதுகிறேன். நீ அவர்களுக்கு எழுது. ஒரு வரி தவறு, திருத்துகிறேன் என்று எழுது. பணத்தை நிறுத்தினால் நிறுத்தட்டும். நீ இன்னொரு நான்கு மாதம் என்னோடு பேசாமல் இருந்தாலும் இருக்கலாம். அங்கிருந்து பேசாமல் இருப்பது இங்கிருந்து இருப்பதைவிட எனக்குக் கஷ்டமாக இருக்கும். அதையும் சொல்லிவைக்கிறேன்.

கடைசியாக ஒன்று. உன் பட்டியலில் காயம்பட்டவர்கள் மட்டும் இருக்கிறார்கள். எழுதியவர்கள் ஒருவர்கூட இல்லை. நீ பேசப் போகிறவர்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கும் சம்மதப் படிவங்கள் உன் மேஜையில் கட்டாக இருந்தன. அதில் ஒன்றை எடுத்து, படித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பெயரை மாற்றி வெளியிடலாம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் நான் டிக் போடவில்லை. நாளை சனிக்கிழமை; உன் அப்பா காலையிலேயே மார்க்கெட்டுக்குப் போய்விடுவார். நீ ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு வந்து உட்கார். மற்றவர்களிடம் கேட்டதையெல்லாம் என்னிடமும் முதல் கேள்வியிலிருந்து கேள்.

அம்மா